வானொலி முகப்பிசையும் திணைமயக்கமும்

கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறும் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என்பனவற்றோடு யாழையும் சேர்த்து எண்ணினார். ஈண்டு யாழ் என்றது கருவியை அன்று. அவ்வந்நிலத்துக்கு உரிய பண்ணையே என்று உரைகாரர் கொண்டனர். ஆகலின், பண்ணுக்கு நிலம் உண்டு, பொழுதும் உண்டு என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாம். இக்கொள்கையை விளக்கிய அறிஞர் பலர். ஆயின், ஒரு பண் தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறோர் இடத்தே ஒலிக்குமேல் கேட்போன் உள்ளத்தே நிகழ்வது யாது என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து. அவ்வினாவைப் பழம்பாட்டைக் கொண்டு மட்டும் ஆராய்தல் அரிது. பழம்பாட்டின் பண்கள் இன்று நம் செவிக்கு எட்டாதன. நாம் அனைவரும் கேட்டறிந்த ஓர் இசையைத் துணைக்கொண்டு ஆராய்வதே நேரிது. அகில இந்திய வானொலியின் முகப்பிசையை அதன்பொருட்டே எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் இலக்கணத்தைக் காண்போம். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராமல் பிற நிலத்தே வருமாயின், அவை வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே தரும் என்பது அகத்திணையியல் விதி. இது மிகவும் துணிவான விதி என்க. பிறந்த இடம் பொருளைக் கட்டுப்படுத்தாது; வந்த இடமே கட்டுப்படுத்தும் என்கின்றார் ஆசிரியர். நெய்தலிற் பூத்த மலர் மருதத்துக்கு வந்தால் மருதத்தின் பயன் தருமே அன்றி நெய்தலை நினைவூட்டி நில்லாது. ஆயின் ஒன்று நோக்கத்தக்கது. சூத்திரம் பூவையும் புள்ளையும் மட்டுமே பெயர் கூறிச் சொல்கின்றது. யாழை விதந்து கூறவில்லை. இனம்பற்றிப் பிற கருப்பொருளையும் கொள்ளலாம் என்று கூறி இவ்விடத்தைக் கடந்து செல்லுதல் எளிது. எமக்கு அது மனநிறைவு தரவில்லை. பூவைக் கண்ணாற் காண்கின்றோம். அது நின்ற நிலத்தையும் உடன் காண்கின்றோம். பண்ணோ கண்ணை மூடினும் வந்து புகுவது. நிலத்தைக் காணாமலே கேட்கத்தக்க கருப்பொருள், பறையை ஒழித்தால், யாழ் ஒன்றே எனலாம்.

இலக்கணம் விட்ட இடத்தைப் பாட்டு நிரப்புகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்துக் கோவலன் ஒருவன் வருகின்றான். ஞெலிகோலாற் கடைந்தெடுத்த தீயைக்கொண்டு மூங்கிலிற் கருந்துளை இட்டுக் குழல் செய்கின்றான். அதிற் பாலைப்பண் இசைக்கின்றான். முல்லையில் இருந்துகொண்டு பாலை! அதுவும் சலித்தபின், குமிழின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழில் விரலால் எறிந்து குறிஞ்சியை எழுப்புகின்றான். அவ்வொலியைத் தம் இனத்தின் ஒலி என்று கருதி வண்டுகள் செவி சாய்க்கின்றன. திணைமயக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இப்பகுதியைக் காட்டி அமைதல் போதாது. புலவர் இங்கே மயக்கத்தை மட்டும் காட்டவில்லை. கேட்போரையும் உடன் காட்டுகின்றார். இசைப்பவனுக்கு அது சலிப்பு நீக்கும் விளையாட்டு. கேட்கும் வண்டுக்கோ அது உறவின் குரல். ஒரே ஒலி, ஒரே இடம், ஒரே பொழுது; எனினும் பயன் இரண்டு.

ஆகவே இலக்கணமும் பாட்டும் இவ்விடத்தே முரண்படுகின்றன. வந்த நிலமே வெல்லும் என்பது விதி. கேட்பவன் செவியிற் படிந்த பழக்கம் வெல்லும் என்பது பாட்டு. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் ஆறலை கள்வரும் படைக்கலத்தைக் கைவிடச் செய்யும் பாலைப்பண் வேறொரு வகையது. அங்குப் பண் தன் நிலத்திலேயே ஒலிக்கின்றது. அங்கு எதிர்பாராதது கேட்போர் கொள்ளும் அருளே. அகநானூற்றின் 102ஆம் பாட்டில் கொடிச்சி குறிஞ்சி பாடத் தினை உண்ண வந்த களிறு உறங்குவதும் நிலம் மாறாத நிகழ்ச்சியே. எனவே எம் வினாவுக்கு நேரான சான்று பெரும்பாணாற்றுப்படை ஒன்றே என்று கொள்ளுகின்றோம்.

இனி முகப்பிசைக்கு வருவோம். இந்திய அரசின் ஒலிபரப்புத் துறை 1936 சூன் 8ஆம் நாள் அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்றது. சென்னை நிலையம் 1938 சூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் திருச்சி நிலையத்தின் குரலிலேயே வானொலியை அறிந்தன. முகப்பிசையை ஆக்கியவர் என்று பெரும்பாலாராற் கூறப்படுபவர் வால்ட்டர் கௌஃப்மன். அவர் பொகீமியாவின் கார்ல்சுபாது நகரில் 1907இற் பிறந்த யூதர். பெர்லினிலும் பிராகாவிலும் பயின்றவர். இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1934இற் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலி நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பகுதியின் பொறுப்பில் இருந்தார். பின்னர்க் கனடாவில் வின்னிப்பெக் நகர இசைக்குழுவை நடத்தி, 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய்ப் பணியாற்றி, 1984இல் மறைந்தார். வட இந்திய இராகங்களைப் பற்றி 1968இலும் தென்னிந்திய இராகங்களைப் பற்றி 1976இலும் பெருநூல்கள் எழுதியவர் இவரே என்பது தமிழிசை ஆய்வோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆக்கியோன் பெயர் வழக்கற்றதன்று. சான் போல்ட்சு என்னும் ஆங்கில இசையறிஞரையும் வேறு சிலரையும் கூறுவாரும் உளர். இசை பிறந்த ஆண்டு 1936 என்று பல இடங்களிற் காணப்படுகின்றது. கௌஃப்மன் நிலையத்திற் பொறுப்பேற்றதோ 1937. இவ்விரண்டும் எளிதிற் பொருந்தவில்லை. தனிப்பாடல்களின் ஆசிரியர் யார் என்று வழக்காடிப் பழகிய நமக்கு இது புதிதன்று. எம் ஆய்வுக்கு வேண்டுவது ஒன்றே: இவ்விசை அயல்நிலத்தார் ஒருவர் கைப்பட்டது என்பதே பெரும்பாலார் கூற்று. தம்புராவின் நிலைச்சுருதிமேல் வயலின் எழுந்து செல்லும் அவ்விசை சிவரஞ்சனி சார்ந்தது என்பர். ஐந்து நரம்பால் அமைவதைத் திறம் என்று வழங்குதல் பழந்தமிழ் மரபு. அவ்வழக்கின்படி இது திறத்தின் பாற்படும்.

இதன் தனித்தன்மை யாதெனின், இது நிலம் இல்லாத கருப்பொருள் என்பதே. முல்லைப்பண் முல்லைக்கு உரியது. மருதப்பண் மருதத்துக்கு உரியது. முகப்பிசையோ நாகப்பட்டினத்துப் பரதவர்க்கும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தார்க்கும் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டார்க்கும் ஒன்றுபோல் ஒலித்தது. நிலத்தை இழந்த அது பொழுதை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. ஒலிபரப்புத் தொடங்குமுன், இருள் பிரியும் வேளையில், நாள்தோறும் அது வந்தது. ஊராட்சி வானொலிப் பெட்டியின் குழாய் ஒலிபெருக்கி ஊர் நடுவே நின்ற காலத்தில், வானொலி வாங்க இயலாதார்க்கும் அது விடியலின் ஒலியாயிற்று. நிலம் ஒருங்கு மயங்குதல் இல்லை, பொழுது மயங்கலாம் என்பது தொல்காப்பிய நெறி. வானொலியோ அதனைத் தலைகீழாக்கிற்று: நிலம் எல்லாம் ஒன்றாயின, பொழுது மயங்காது நின்றது.

இதற்கு ஒரு துணைச்சான்றும் உண்டு. தமிழ்த் திரையிசையில் சிவரஞ்சனி பெரும்பாலும் துயர்க்கு உரியதாகவே ஆளப்பட்டு வந்துள்ளது. அத்திறமே முகப்பிசையில் வருங்கால் அழுகை தோன்றுவதில்லை, எழுச்சியே தோன்றுகின்றது. நரம்பு ஒன்றாயிருக்கப் பயன் வேறுபடுதற்கு நடையும் ஒரு காரணம் ஆகலாம். தலையாய காரணம் பொழுதே என்று கருதுகின்றோம்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வாய்த்தது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் உள்ள சர்க்கரை ஆலையின் முன், அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாய்க் காத்து நிற்கும். நண்பகல் கழிந்த வேளை. வண்டியோட்டி ஒருவர் தம் கைபேசியின் அழைப்பொலியாக இம்முகப்பிசையை வைத்திருந்தார். அது ஒலித்ததும் அருகிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, "என்னப்பா, பொழுது விடிஞ்சிருச்சா?" என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். இச்சொல்லை நகைச்சுவை என்று ஒதுக்கிவிட மாட்டோம். அம்முதியவர் வானொலியை நினைக்கவில்லை, திருச்சி நிலையத்தை நினைக்கவில்லை, செய்தியறிக்கையையும் நினைக்கவில்லை. பொழுதையே நினைத்தார். கருப்பொருள் தன்னோடு முதற்பொருளை இழுத்து வந்து உச்சி சாய்ந்த வெயிலில் நிறுத்திவிட்டது. இலக்கணம் கூறியபடி வந்த இடத்தின் பயனை இசை தருவதாயின், 'அழைப்பு வந்தது' என்ற அளவே அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும். அங்கு நின்ற இளைஞர் சிலர்க்கு அவ்வளவே தோன்றிற்று. அவருள் ஒருவன் உடனே தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். ஓரிடத்திலேயே விதியும் வென்றது, பாட்டும் வென்றது.

இத்தகைய உணர்ச்சியைப் 'பழைய நினைவின் ஏக்கம்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் இந்நாளைத் திறனாய்வில் மிகுந்துவிட்டது. அது பிழை என்பது எம் துணிபு. ஏக்கம் இழந்ததை நோக்கிச் செல்வது. எறையூர் முதியவர் எதனையும் இழந்தவராய்ப் பேசவில்லை. ஒரு கணம் ஏமாந்தார், உடனே நகைத்தார். பெரும்பாணாற்றுப்படை வண்டுகளும் ஏங்கவில்லை. உறவு அருகில் இருப்பதாகவே எண்ணிச் செவி சாய்த்தன. இடம் மாறிய இசை முதலில் எழுப்புவது அறிதல். ஏக்கம் அதன்பின் வருவது, வாராமலும் போவது.

ஈண்டு ஒன்று கூறாமல் விடுதல் தகாது. வானொலியின் பெயரைப் பற்றித் தமிழகத்தில் நெடிய வழக்கு நடந்தது. 'ஆகாசவாணி' என்னும் பெயர் தமிழ் ஒலிபரப்பிற் புகுந்தபோது தமிழறிஞரும் பொதுமக்களும் எதிர்த்தனர். 'வானொலி' என்னும் சொல்லே வேண்டும் என்றனர். 2023 மே மாதத்தில் ஆங்கில வழக்கிலும் 'ஆகாசவாணி' என்றே கூறவேண்டும் என்னும் ஆணை வந்தபோதும் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் நேர்மையை யாம் ஐயுறவில்லை. ஆயின் அப்பெயரினும் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் ஆக்கியதாகக் கூறப்படும் முகப்பிசையை நோக்கி அயன்மை என்னும் சொல் எழவில்லை. சொல்லுக்கு மொழி உண்டு. ஆகலின் அது எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றோம். இசைக்கும் பிறப்பிடம் உண்டெனினும், அதனை வினவுதற்குமுன் அது நம் விடியலிற் கலந்துவிடுகின்றது. தமிழ் ஆய்வாளர் சொல்லின் வரலாற்றுக்குக் காட்டும் விழிப்பில் ஒரு பகுதியை ஒலியின் வரலாற்றுக்கும் காட்டுதல் நன்று. பண் பற்றிய ஆய்வேடுகள் பல ஒரு பண்ணையேனும் கேளாமல் உரைமேற்கோள்களைக் கொண்டே எழுதப்படுதல் இவ்விழிப்பின்மைக்கு ஒரு சான்று. இதனை மாணாக்கர் பொறுத்தருள்க.

பிறநாட்டு ஒப்புமை ஒன்று இவ்விடத்தே உதவும். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் உலகச் சேவை பல்லாண்டுகள் செய்திக்கு முன் 'லில்லிபுல்லேரோ' என்னும் மெட்டை ஒலித்து வந்தது. இந்தியாவில் சிற்றலை வானொலி கேட்டவர்க்கு அது இலண்டனின் குரல். நடுநிலைச் செய்தியின் முன்னறிவிப்பு. ஆயின் அம்மெட்டு 1688ஆம் ஆண்டுப் புரட்சிக் காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கரை எள்ளிப் பாடிய பாட்டுக்கு உரியதாய்ப் பரவியது. வட அயர்லாந்தில் சீர்திருத்தக் கிறித்தவர் அணிவகுப்புகளில் இன்றும் முழங்குவது அம்மெட்டே. அங்குள்ள கத்தோலிக்கர் ஒருவர் வானொலிப் பெட்டியில் அதனைக் கேட்பதும், தமிழர் ஒருவர் அவ்வணிவகுப்பிற் கேட்பதும் எதிரெதிர்த் திசையில் நிகழும் ஒரே நிகழ்ச்சி. முன்னவர்க்கு வானொலியே எதிர்பாராத இடம். பின்னவர்க்குத் தெருவே எதிர்பாராத இடம். எதிர்பாராமை இடத்தில் இல்லை, கேட்பவனது முதற்கேள்வியில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

முதற்கேள்வி என்னும் இக்கருத்தை விதியோடு பொருத்திப் பார்ப்பின் முரண் ஒருவாறு தீரும். வந்த நிலத்தின் பயனைத் தரும் என்ற ஆசிரியர், பூவையும் புள்ளையும் அந்நிலத்து மாந்தர் காணும் முறையாற் கூறினார் போலும். அவை பிறந்த நிலத்தை முன்பே அறிந்த வழிப்போக்கன் ஒருவனை அவர் கருதவில்லை. பாணாற்றுப்படையோ வழிப்போக்கனுக்கே சொல்லப்படுவது. நிலம் நிலமாய்க் கடந்து செல்லும் பாணன் செவியில் ஒவ்வொரு பண்ணும் முன்பு கேட்ட இடத்தை உடன்கொண்டே புகும். உருத்திரங்கண்ணனார் இம்மயக்கத்தை ஆற்றுப்படையில் வைத்தது இதனாற்றான் என்று எண்ணுகின்றோம்.

கைபேசியிலேயே முகப்பிசையை முதலிற் கேட்கும் தலைமுறைக்கு, என்றேனும் ஒருநாள் விடியலில் வானொலியிலிருந்து அது ஒலிக்குமாயின், அதுவே அவர்க்கு எதிர்பாராத இடமாகும். அவர் சட்டைப் பையைத் தடவுவர். மற்றொன்று: கோவலன் குழலிற் பாலையும் இசைத்தான், வில்யாழிற் குறிஞ்சியும் இசைத்தான். வண்டுகள் செவி சாய்த்ததைக் குறிஞ்சிக்கே புலவர் கூறினார், பாலைக்குக் கூறவில்லை. குழலுக்கும் நரம்புக்கும் உள்ள வேறுபாடோ, பண்ணுக்கும் பண்ணுக்கும் உள்ள வேறுபாடோ இதற்குக் காரணம் என்பதை வண்டின் முரற்சியையும் நரம்பின் அதிர்வையும் ஒருங்குவைத்து அளந்து காண்டல் இன்று இயலும் செயலே.