ஆனையிறங்கல்: கரையில் நின்று பார்க்க வேண்டிய ஏரி

போடியிலிருந்து மூணாறு போகிற நம் ஆட்கள் ஆனையிறங்கலில் வண்டியை நிறுத்துவார்கள். தேயிலைக்கு நடுவே நீலமாகக் கிடக்கும் தண்ணீரோடு நாலு படம் எடுப்பார்கள், "போட்டிங் உண்டா?" என்று கேட்பார்கள், இல்லை என்றதும் ஏறிவிடுவார்கள். மொத்தம் பத்து நிமிஷம். சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கத்தில் அரை நாளைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

படகுப் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். 2023 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் யானைகளை முன்னிட்டு இங்கே படகு விடுவதை நிறுத்தச் சொன்னது. இப்போது நிலைமை என்ன என்று கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடினாலும் ஏறாதீர்கள் என்பதுதான் என் கட்சி. தண்ணீரின் நடுவே போனால் தண்ணீரைத்தான் பார்க்கலாம். இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீரும் கரையும் சேரும் ஓரத்தில் இருக்கிறது.

வருகிறவர்களில் பாதிப் பேர் "டேம் எங்கே?" என்றும் கேட்பார்கள். மேட்டூர், வைகை மாதிரி ஒரு மதில் இருக்கும் என்று தேடுகிறார்கள். ஆனையிறங்கல் 1960களில் கட்டிய மண் அணை. தூரத்திலிருந்து பார்த்தால் குன்றின் ஒரு சரிவு போலத்தான் தெரியும். இங்கே மின்சாரமும் எடுப்பதில்லை. திறந்துவிடும் தண்ணீர் பன்னியாறு வழியாகப் பொன்முடி அணைக்குப் போய், அங்கிருந்து சுரங்கம், குழாய் என்று இறங்கி வெள்ளத்தூவலில் உள்ள பன்னியார் மின்நிலையத்தைச் சுற்றவைக்கிறது. அதன் திறன் 32 மெகாவாட். கேரள மின்வாரியத்துக்கு ஆனையிறங்கல் ஓர் உண்டியல்: மழையில் போட்டு வைத்து, கோடையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது தெரிந்தால் ஏரியைப் பார்க்கிற விதமே மாறிவிடும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை போனால் தண்ணீர் தேயிலைச் செடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். படத்துக்கு அதுதான் அழகு, கூட்டமும் அப்போதுதான். நான் மார்ச், ஏப்ரலைச் சொல்வேன். நீர் இறங்கியிருக்கும், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று ஏரியைச் சுற்றி ஓடும். அந்தப் பட்டையில் படிப்படியாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் நீர் கொஞ்ச காலம் நின்று பிறகு இறங்கிய மட்டம். மேல் கோட்டில் ஆரம்பித்துக் கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், அந்த வருஷம் கேரளத்தில் எவ்வளவு மின்விசிறி ஓடியது என்று ஓரளவுக்கு ஊகித்துவிடலாம்.

நீர் விலகிய சேற்றில் புல் முளைக்கும். புல்லுக்கும் தண்ணீருக்கும் யானை இறங்கும். இலங்கையில் மின்னேரியா குளத்தில் நடப்பதும் இதே கணக்குதான். மகாசேன மன்னன் வெட்டிய அந்தக் குளம் வற்றும் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் புல்லுக்குக் கூடுகின்றன. பின்னாளில் மொரகஹகந்த அணையிலிருந்து வறட்சிக் காலத்திலும் தண்ணீர் வந்து சேர, புல் மூழ்கி யானைகள் தவித்தன என்று அங்கே பெரிய சர்ச்சையே ஆனது. மதகைத் திறக்கும் அதிகாரி யானைக்கும் சேர்த்துச் சோறு அளக்கிறார். ஆனையிறங்கல் சின்ன ஏரி, யானைகளும் குறைவு. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

யானையைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? முதலில், தேடக் கூடாது. நெடுஞ்சாலையில் பெரியகானலை எட்டும் முன் ஏரி விரிகிற வளைவுகளில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. வெயில் சாய்ந்த பிறகு எதிர்க்கரையில் மரக்கூட்டம் முடிந்து புல் தொடங்கும் கோட்டையே பாருங்கள். யானை திடீரென்று வந்து நிற்காது. பாறை என்று நினைத்துக்கொண்டிருந்தது காதை அசைக்கும். கூட்டமாக நீந்திக் கடப்பதும் உண்டு. தும்பிக்கை நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கும். டீக்கடையில் "இன்னிக்கு எந்தப் பக்கம் நிக்குது?" என்று தமிழிலேயே கேட்கலாம். இங்குள்ள எஸ்டேட் லயங்களில் தலைமுறைகளாக இருப்பவர்கள் நம் ஆட்கள்தான். 'அந்தப் பக்கம் போகாதீங்க' என்று அவர்கள் சொன்னால், போகாதீர்கள். தேயிலைக்குள் இறங்குவது, ஹாரன் அடிப்பது, டிரோன் விடுவது மூன்றும் வேண்டாம்.

இதை அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிக்கொம்பனை நமக்குத் தெரியும். 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள் ஓடி வந்த யானை. அதன் ஊர் இதுதான். பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைத்தது. ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்துதான் கம்பத்துக்கு இறங்கியது. ஜூனில் நம் வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறை காட்டில் விட்டது. ஏரிக்கு அருகே 301 காலனி என்று ஒரு குடியிருப்பு. யானைகளின் வழியிலேயே 2000களின் தொடக்கத்தில் ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று அங்கே பல வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. யானையிடம் பேசியே திருப்பி அனுப்புவார் என்று பேர் வாங்கிய வனக் காவலர் ஒருவர் 2023 ஜனவரியில் யானை தாக்கித்தான் இறந்தார். எதிர்க்கரை யானையைப் பார்த்து நாம் கைதட்டும்போது, இங்கே இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு அது வேறு விஷயம்.

வழியைப் பற்றியும் கொஞ்சம். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை ஏரியை ஒட்டியே போகிறது. தேனிப் பக்கமிருந்து வருவதுதான் சுவை. முந்தல் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே புளியும் முள்ளுமாக இருந்த மலை, மேலே போடிமெட்டு வந்ததும் ஏலக்காய் வாசனையாகிவிடும். முகட்டுக்குக் கிழக்கே விழும் மழை கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. மேற்கே விழுவது பன்னியாறு, முதிரப்புழை, பெரியாறு என்று அரபிக் கடலுக்கு. இரண்டும் பிரியும் இடத்தில் இருப்பது ஒரு செக்போஸ்ட்.

பூப்பாறையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். நேரம் இருந்தால் சாந்தன்பாறைப் பக்கம் திரும்புங்கள். ஏலத்தோட்டத்து நிழலில் போகும் சாலை, ஏரியின் வெட்டவெளிக்கு நேர் எதிர். 2022 அக்டோபரில் கள்ளிப்பாறைக் குன்று முழுக்கக் குறிஞ்சி பூத்தது இங்கேதான். 12 வருஷக் கணக்குப்படி அந்தக் குன்றுக்கு அடுத்த முறை 2034. அதுவரை அங்கே பூவைத் தேடிப் போக வேண்டாம். மதிகெட்டான் சோலையைச் சாலையிலிருந்தே பாருங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த காடு, உங்கள் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது.

தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மூணாறு பக்கத்துக் கேப் ரோட்டில் பாறை உருண்டு வழி அடைபட்டது பல தடவை. மற்ற மாதங்களில் வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டுக்கு வந்துவிடுங்கள். மாலையில் அங்கே மூடுகிற மஞ்சில் முன்னால் போகும் ஜீப்பின் பின்விளக்குகூடத் தெரியாது, தோட்ட வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கும் ஜீப்புகளும் அந்த நேரத்தில்தான் பறக்கும்.