சான்றிதழ் எல்லை தாண்டுகிறது, ஆள்?

மணிலாவில் அறைப் பணியாளராகத் தேர்ச்சி பெற்றவருக்குப் பாங்காக்கிலும் அந்தத் தேர்ச்சி செல்லும். சுற்றுலாத் தொழிலாளர்களுக்காக ஆசியான் நாடுகள் செய்துகொண்ட பரஸ்பர அங்கீகார ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவுதான். 2012-இல் கையெழுத்துகள் முழுமையடைந்தன. 2016-இல் தேர்ச்சி பெற்றவர்களுக்கான பதிவுத் தளமும் தொடங்கப்பட்டது.

இதைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. பொறியாளர், கட்டடக் கலைஞர், மருத்துவர் என்று பட்டதாரிகளுக்கே இத்தகைய ஒப்பந்தங்களைப் போட்டுவந்த ஆசியான், இங்கே பெல்பாய், சலவைப் பணியாளர், இறைச்சி வெட்டுபவர் வரை 32 வேலைகளைச் சேர்த்திருக்கிறது. எந்தக் கல்லூரி என்பதைவிட, என்ன செய்யத் தெரியும் என்பதே முக்கியம். அடுத்த விருந்தினருக்கு அறையைத் தயார் செய்வது என்று ஒரு பாட அலகு இருக்கிறது. தள்ளுவண்டியில் சாமான்களை அடுக்குவது, அறைக்குள் முறையாக நுழைவது, படுக்கை விரிப்பது, குளியலறையைத் துலக்குவது என்று ஒவ்வொன்றையும் பிரித்து மதிப்பிடுகிறார்கள். ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்று ஒதுக்கப்பட்ட உழைப்புக்கு எழுத்தில் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பாடக் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் தயாராயின. லாவோஸின் சலவைப் பணியாளருக்கு அதுவே முதல் தடை.

பட்டியலிலும் ஓட்டைகள் உண்டு. தொலைபேசி ஆபரேட்டருக்கு இடமிருக்கிறது, சுற்றுலா வழிகாட்டிக்கு இல்லை. தற்செயலான விடுபடலாக இது தெரியவில்லை. தாய்லாந்துச் சட்டப்படி அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே வழிகாட்டியாக முடியும். உள்ளூர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத வேலையில் ஒப்பந்தம் கை வைக்கவில்லை.

பெரிய குறை வேறு. தகுதியை ஏற்றாலும், வேலை பார்ப்பது அந்தந்த நாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டதே என்கிறது ஒப்பந்தம். விசாவும் பணி அனுமதியும் குடியேற்ற, தொழிலாளர் துறைகளின் கையில் இருக்கின்றன. ஒப்பந்தத்தை நடத்துவதோ சுற்றுலா அமைச்சகங்கள். ஆக, தொழிலாளியின் கையில் இருப்பது ஒரு சிபாரிசுக் கடிதம், அவ்வளவே. பயிற்சித் தரத்தை உயர்த்தும் அளவுகோலாக மட்டும் இதை முன்வைத்திருந்தால் எனக்குப் புகாரில்லை. தொழிலாளர் தடையின்றி நடமாட வழி திறந்துவிட்டது என்று விளம்பரப்படுத்துவதுதான் உறுத்துகிறது.

உண்மையில் எல்லை தாண்டுகிறவர்கள் யார்? 2000-களின் தொடக்கத்தில் மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளோடு தாய்லாந்து தனித்தனியே தொழிலாளர் உடன்பாடுகள் செய்துகொண்டது. அந்த வழியில் வருகிறவர்கள் பயிற்சியற்ற கூலிகளாகவே கணக்கில் வருகிறார்கள். அவர்களில் சிலர் ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சான்றிதழ் உள்ளவருக்கு விசா நிச்சயமில்லை; அனுமதியோடு வந்தவரிடம் சான்றிதழ் இல்லை. இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

இவற்றை இணைப்பது அப்படியொன்றும் கடினமல்ல. தாய்லாந்தின் புக்கெட்டில் ஏற்கெனவே படுக்கை விரித்துக்கொண்டிருக்கும் மியான்மர் பெண்ணை அங்கேயே மதிப்பிட்டு, அவர் தாய்மொழியில் தேர்வு வைத்து, அனுமதியைப் புதுப்பிக்கும்போது திறன் பெற்ற பணியாளர் என்று பதிந்தால் போதும். அதற்கேற்ற சம்பளத்தை ஹோட்டல் முதலாளி தர வேண்டியிருக்கும். எதிர்ப்பு முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.