மேதையைக் கண்டபின் என்ன செய்தோம்?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரு நாள் காய்கறி வாங்கினேன். முக்கால் கிலோ கத்தரிக்காய், அரைக் கிலோ வெண்டைக்காய், கால் கிலோ இஞ்சி. கடையிலிருந்த சிறுவன் தாளும் பென்சிலும் இன்றிக் கணக்கைக் கூட்டிச் சொன்னான். “இப்படி எத்தனை இராமானுஜன்கள் வெளியே தெரியாமல் இருக்கிறார்களோ!” என்று வியந்தார் உடன் வந்த நண்பர்.

இராபர்ட் கனிகல் ஆங்கிலத்தில் எழுதி 1991-ல் வெளிவந்த இராமானுஜன் வாழ்க்கை வரலாறும் தொடக்கத்தில் இதே கேள்வியை எழுப்புகிறது. நூல் சிறந்தது என்பதில் ஐயமில்லை. கும்பகோணத்து வீடு, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிக்கும் இளைஞர் எல்லாம் கண்முன் நிற்கின்றன. கணிதமும் விடுபடவில்லை. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையில் பிரிக்கலாம். 100-க்கோ அவ்வகைகள் 19 கோடிக்கும் மேல்! இதைப் பற்றிய ஆய்வையும் நூல் பொறுமையாக விளக்குகிறது.

ஆனால் கதையின் முற்பகுதி 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நோக்கியே விரைகிறது. ஆகவே, மேதையைக் கண்டுபிடிக்க ஆளில்லாததே குறை என்ற எண்ணம் வாசகருக்கு எழுகிறது. நூல் தரும் செய்திகளே இதை மறுக்கின்றன. 1904-ல் பள்ளி அவருக்குக் கணிதப் பரிசு அளித்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது. பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரோடு கணக்குகளை ஆராய்ந்தார். திறமை தெரிந்தே இருந்தது! எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதியால் உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. விதிகளைத் தளர்த்தி, பட்டமில்லாத அவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது. அப்போது முடிந்தது முன்பே ஏன் முடியவில்லை? நூல் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

மீத்திறன் மாணவருக்குப் பரிசும் கைதட்டலும் போதா. அவருக்கேற்ற கடினமான கணக்கு வேண்டும். அதைப் பேச ஒரு துணை வேண்டும். வலுவற்ற பாடத்தில் சற்றுப் பொறுமை வேண்டும். இது ஆசிரியராகிய எனக்கும் பொருந்தும்.

விரைந்து கூட்டுவது மட்டுமே மேதைமை ஆகாது. கடைச் சிறுவன் மேதையா என்பதை நான் அறியேன். அதை முடிவுசெய்த பிறகுதான் நல்ல கணக்கைத் தரவேண்டும் என்பதுமில்லை. அடுத்த முறை அவனிடம், 5-ஐ எத்தனை வகையில் பிரிக்கலாம் என்று கேட்கப்போகிறேன். மாணவ நண்பர்களே, நீங்களும் முயன்று பாருங்கள்.