நடாஷாவுக்கு ஒரு நடுகல்

2019 ஏப்ரலில் என் முதுகலை மாணவிகள் ஏழு பேர் என்னை ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்துக்கு அழைத்துப்போனார்கள். தமிழ் டப்பிங்தான். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோ நடாஷாவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்திருந்தார்கள். சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இந்தப் படமெல்லாம் எதற்கு என்று துறையில் கேட்டார்கள். புறநானூறு படித்தவளுக்கு இவை அந்நியமே இல்லை. படைக்கருவியின் பெருமை, வஞ்சினம், களத்தில் விழுந்தவனைப் புகழ்தல் எல்லாமே அங்கே பார்த்தவைதான்.

இந்தப் படங்கள் தரும் மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. ‘வொண்டர் வுமன்’ (2017) படத்தில், முதல் உலகப்போரின் பதுங்குகுழியிலிருந்து டயானா ஏறி வருகிறாள். படைவீரர்களால் கடக்க முடியாத வெட்டவெளியில் கேடயத்தோடு நடக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கப் பழகிய நமக்கு, ஒரு பெண்ணுடல் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்வதைப் பார்ப்பதே பெரிய விஷயம். ‘கேப்டன் மார்வெ’லில் (2019) நாயகியிடம் அவளுடைய பயிற்சியாளன் உணர்ச்சியை அடக்கு என்று ஓயாமல் சொல்கிறான். அவளுடைய ஆற்றலே தாங்கள் கொடுத்தது என்று அவளை நம்பவைத்திருக்கிறார்கள். உண்மையில் அவள் கழுத்தில் அவர்கள் பொருத்திய கருவி அந்த ஆற்றலை அடக்கிவைக்கத்தான். இதைப் புரிந்துகொள்ள எந்த மாணவிக்கும் கோட்பாட்டு நூல் தேவைப்படவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2008இல் ‘அயர்ன் மே’னில் தொடங்கிய மார்வெல் வரிசையில், ஒரு பெண் தனி நாயகியாக வந்த முதல் படம் ‘கேப்டன் மார்வெல்’, வரிசையில் 21ஆவது. நடாஷா 2010 முதல் இருக்கிறாள். அவளுக்குத் தனிப்படம் 2021இல்தான் வந்தது. அதற்கு முன்பே, ‘எண்ட்கே’மில், அவளைச் சாகடித்துவிட்டார்கள்.

வோர்மிர் என்ற கோளின் மலையுச்சியில் அது நடக்கிறது. அங்குள்ள ஆன்மக் கல் வேண்டுமென்றால் அன்புக்குரிய ஓர் உயிரைக் கொடுக்க வேண்டும். 2018இல் வந்த முந்தைய படத்தில் தானோஸ் தன் வளர்ப்பு மகள் கமோராவை அங்கிருந்து தள்ளிவிட்டான். இந்தப் படத்தில் நடாஷாவும் அவள் தோழன் கிளின்ட்டும், சாவது நான்தான் என்று போட்டியிட்டுச் சண்டையிடுகிறார்கள். நடாஷா விழுகிறாள். ஒரே கல்லுக்காக ஒரே பாறையிலிருந்து இரண்டு பெண்கள்.

“அவங்களே எடுத்த முடிவுதானே மேடம்?” என்றாள் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. அந்த முடிவை நோக்கி அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்றும் கேட்க வேண்டும். ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ (2015) படத்தில் கிளின்ட்டுக்கு மனைவி, குழந்தைகள், பண்ணைவீடு எல்லாம் கொடுத்தார்கள். அதே படத்தில்தான், உளவாளிப் பயிற்சியின் முடிவில் நடாஷாவுக்குக் கருத்தடை செய்யப்பட்டது தெரிய வருகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து மலையுச்சியில் கணக்கு முடிகிறது: பிள்ளைகள் இருப்பவன் வீடு திரும்ப வேண்டும், இல்லாதவள் போகலாம்.

எனக்கு அது சுட்டது. எனக்கும் குழந்தை இல்லை. அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது, “உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, ராத்திரிக்கு நீயே இருந்துடு” என்றார்கள் உடன்பிறந்தவர்கள். விரும்பித்தான் இருந்தேன். ஆனால் என் இரவுகளுக்கு மதிப்பில்லை என்று மற்றவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். விருப்பமும் நிர்ப்பந்தமும் இப்படித்தான் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன.

புறநானூற்றின் மூதின்முல்லைப் பாடல்களில், வீரக்குடிப் பெண்ணின் மறம் கணவனையும் மகனையும் களத்துக்கு அனுப்புவதில் வெளிப்படும். எதை இழக்கிறாளோ அதுதான் அவள் வீரத்துக்கு அளவுகோல். கொடுப்பதற்குக் கணவனும் மகனும் இல்லாத நடாஷா தன்னையே கொடுக்கிறாள். தொழில்நுட்பம் விண்வெளிக்குப் போய்விட்டது. பெண்ணை அளக்கும் கோல் மாறவில்லை.

வீழ்ந்த மறவனுக்கு அன்று நடுகல் எழுப்பினார்கள். ‘எண்ட்கே’மில் டோனி ஸ்டார்க்குக்கு ஏரியில் மலர்வளையம் மிதக்கிறது, கேமரா துக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகக் கடக்கிறது. நடாஷாவுக்கோ, ஐந்து ஆண்கள் ஒரு நீர்க்கரையில் சற்று நேரம் கலங்கி நிற்கிறார்கள். பிறகு வேலைக்குத் திரும்புகிறார்கள். இறுதிப்போரில் பெண் வீரர்கள் அத்தனை பேரும் ஒரே சட்டகத்தில் அணிவகுக்கும் இடம் வந்தது. மாணவிகள் விசிலடித்தார்கள், நானும் கைதட்டினேன். அந்த வரிசையில் நடாஷா இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவளுக்கும் கடைசியில் ஒரு கல் கிடைத்தது. கேட் ஷார்ட்லாண்ட் இயக்கிய ‘பிளாக் விடோ’ (2021) முடிந்து, பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு வருகிறது அந்தக் காட்சி. சிறுவயதில் அவளோடு வளர்ந்த தங்கை யெலெனா கல்லறைக்கு வந்து, இருவருக்கும் மட்டுமே தெரிந்த விசிலை அடிக்கிறாள். மகள், சகோதரி, அவெஞ்சர் என்று கல்லில் பொறித்திருக்கிறது. ‘தாய்’ என்ற சொல் இல்லாமலே அந்தக் கல் நிறைவாக இருக்கிறது. ஆனால் யெலெனா அழுது முடிப்பதற்குள் வேறொருத்தி வந்து, கிளின்ட்டைப் பழிவாங்க அவளை ஏவிவிடுகிறாள். அடுத்த தொடருக்கான முன்னோட்டம் அது. துக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தையும் வியாபாரம் எடுத்துக்கொண்டது.

நான் இன்னும் இந்தப் படங்களுக்குப் போகிறேன். கைதட்டவும் செய்கிறேன். திரையில் ஒரு பெண் உயிரைக் கொடுக்கும்போது மட்டும், அவள் உயிரை மலிவு என்று முன்பே முடிவு செய்தது யார் என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்காமல் இருப்பதில்லை.