‘அப்பவே சொன்னார்’ போதுமா?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடக்கும் காலம் 2021-22. அந்த ஆண்டுகள் உண்மையிலேயே வந்து போனபோது, நாவலைப் படித்தவர்கள் கூடிய இடங்களில் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் நடந்தது: எது பலித்தது, எது பலிக்கவில்லை. பேசும் இயந்திரம் வந்துவிட்டது, ஆளுக்கொரு எண் வந்துவிட்டது, சுவரெல்லாம் திரை வந்துவிட்டது. ‘மனுஷன் அப்பவே சொன்னாருய்யா’ என்ற வியப்போடு பேச்சு முடிந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸிலும், செங்கல்பட்டு மின்சார ரயிலிலும் நான் கேட்ட பேச்சு இதுவே. அந்தப் பேச்சின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த நாவலில் பேச வேண்டியதை அது பேசாமல் விட்டுவிடுகிறது என்ற வருத்தமும் உண்டு.

முதலில் மதிப்பைச் சொல்கிறேன். தமிழில் அறிவியல் புனைகதையைக் காப்பாற்றி வைத்தவர்கள் வாசகர்கள்தான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ முதல் நம் தீவிர விமரிசன மரபு புதுக்கவிதையைப் பேசியது, யதார்த்த நாவலைப் பேசியது, சிறுகதையின் வடிவத்தை நுணுகி ஆராய்ந்தது. இயந்திர நாயும் வேற்றுக்கிரகமும் அதன் கண்ணில் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே பட்டன. விமரிசகர் கைவிட்ட இடத்தில் நின்றவர், வாரம் தவறாமல் அஞ்சலட்டை எழுதிய வாசகர். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல அவர்கள் கொண்டாடினார்கள். அந்தப் பிரியத்தின் மேல்தான் ‘மீண்டும் ஜீனோ’ என்ற இரண்டாம் நாவல் எழுந்து நின்றது. சுஜாதாவும் அவர்களைப் பொருட்படுத்தினார். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர் அவர். வாசகரின் கேள்விக்குப் பொறியாளராகவும் கதைக்காரராகவும் சேர்ந்து பதில் சொல்லும் பழக்கத்தைத் தன் பத்திகளில் கடைசிவரை வைத்திருந்தார்.

இந்தக் கடிதப் பழக்கத்தில் ஒரு குறை ஆரம்பத்திலேயே புகுந்துவிட்டது. நம் பத்திரிகைகள் வாசகர் கடிதத்தின் கீழே பெயரையும் ஊரையும் மட்டும் போடும். அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழ் கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டது. அதைப் பார்த்து ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு நேரடியாகக் கடிதம் போட்டார். அந்தக் கடிதங்களிலிருந்து மன்றங்கள் பிறந்தன, மன்றங்களிலிருந்து கையெழுத்தும் சுழல் அச்சுமாகச் சின்னஞ்சிறு இதழ்கள் பிறந்தன. 1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடே கூடியது. நம் ஊரில் கடிதம் எப்போதும் எழுத்தாளரை நோக்கியே போனது. பாராட்டும் புகாரும் அவருக்கு, பதிலும் அவரிடமிருந்துதான். வாசகரும் வாசகரும் எதிரெதிரே உட்கார்ந்து மோதிக்கொள்ளும் களம் உருவாகவில்லை. நட்சத்திர எழுத்தாளர்கள் வலுத்தார்கள், வாசகர் கூட்டத்துக்குள்ளிருந்து விமரிசகர் எழவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் வளர்த்த வாசகர் கூட்டம் அது. இரும்புக்கை மாயாவியைப் பள்ளி நாளில் படித்தவர்கள் இன்றும் ஒருவரையொருவர் தேடிப் போய்ச் சந்திக்கிறார்கள், எந்தத் தொடர் தொய்ந்துவிட்டது என்று பதிப்பாசிரியரிடமே முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். நாவல் வாசகருக்கு இந்தத் துணிச்சல் இன்னும் முழுதாக வரவில்லை.

வாசகரின் துணிச்சல் ஒரு நாவலை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு கதைகள் போதும். லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்டு’ 1970இல் வந்தது. ஒரு சூரியனைச் சுற்றிப் பூமியின் பாதை அளவுக்குப் பிரம்மாண்டமான வளையம்; அதன் உட்புறத்தில் மனிதர் வாழ்கிறார்கள். மறு ஆண்டு பாஸ்டனில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் விடுதித் தாழ்வாரங்களில் ‘அந்த வளையம் நிலைத்து நிற்காது’ என்று கோஷம் போட்டுக்கொண்டே நடந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். வளையம் ஒரு பக்கம் லேசாக நகர்ந்தாலும் சூரியனின் ஈர்ப்பு அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவராது, மேலும் மேலும் இழுத்து மோதவிட்டுவிடும். நிவன் கோபப்படவில்லை. அடுத்த நாவலில் வளையத்தின் விளிம்பில் உந்து இயந்திரங்களைப் பொருத்தி, அந்தச் சிக்கலையே கதையாக்கினார். படித்த அறிவை ஒளிக்காமல் முன்வைத்த வாசகரால் ஒரு நாவல் பிறந்தது.

இரண்டாவது கதை கொஞ்சம் சிக்கலானது, எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். 1945இல் டேமன் நைட் என்ற இளைஞர், அப்போது புகழின் உச்சியில் இருந்த ஏ.இ. வான் வோக்ட்டின் ‘நல்-ஏ’ நாவலை ஒரு ரசிகர் சிற்றிதழில் பிரித்து மேய்ந்தார். காரணம் இல்லாத திருப்பங்கள், தொடங்கிவிட்டு மறந்துபோன முடிச்சுகள், ஒன்றோடொன்று ஒட்டாத சம்பவங்கள் என்று பட்டியல் போட்டார். வான் வோக்ட்டின் பெயருக்கு விழுந்த அடி பலமானது. கால் நூற்றாண்டு கழித்து 1970இல் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது, முன்னுரையில் அந்த விமரிசனத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சாதாரண வாசகராக எழுதத் தொடங்கிய நைட் பிறகு அந்தத் துறையின் முதன்மையான விமரிசகர்களில் ஒருவரானார்.

ஆனால் அந்த வழக்கில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஃபிலிப் கே. டிக் வான் வோக்ட்டைப் படித்து வளர்ந்தவர். நைட் குறையாகச் சுட்டிய அந்தக் குழப்பமே தன்னை ஈர்த்தது என்றும், உலகமும் அப்படித் தாறுமாறாகத்தான் இருக்கிறது என்றும் அவர் வாதாடினார். டிக்கின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த வாதம் வெறும் விசுவாசம் அல்ல என்று தெரியும். லாஜிக் பார்ப்பது வாசகரின் பலம். லாஜிக் மட்டுமே பார்த்தால் சில நல்ல நாவல்கள் கைநழுவிப் போகும். நைட்டையும் டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வான் வோக்ட்டை நியாயமாக எடைபோட முடிகிறது. ஒரே கருத்து எல்லாரிடமும் சுற்றி வரும் கூட்டத்தில் இது நடக்காது.

நம்மிடம் லாஜிக் என்ற கேள்வி மிகுபுனைவின் (ஃபேன்டஸி) மேல் தவறாகவே பாய்கிறது. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வந்தது. அதை முன்வைத்தும் சரி, மாயாஜாலக் கதைகளை முன்வைத்தும் சரி, ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டியது அதுவல்ல. எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் குன்றைக் குடைந்த பல்லவர் காலக் குகைக்கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் இருக்கிறார். அர்ச்சகர் நாமத்தை விலக்கித் தீபம் காட்டும்போது நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். பக்தியோடு கேட்பவருக்கு அது புராணம். கதையாகக் கேட்பவரும் அதிலிருந்து மிகுபுனைவின் இலக்கணத்தையே கற்றுக்கொள்ளலாம். இரணியன் வாங்கிய வரம் ஒரு விதித்தொகுப்பு: மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. கதை இதில் ஒன்றைக்கூட மீறுவதில்லை. அந்தி வேளை, வாசற்படி, மடி, நகம் என்று ஒவ்வொரு விதிக்கும் கட்டுப்பட்டே இரணியனை முடிக்கிறது. தான் விதித்த விதிக்குத் தான் கட்டுப்படுகிறதா என்பதே மிகுபுனைவிடம் கேட்கத் தக்க கேள்வி. இதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நாம், நாவலைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறோம்.

‘இது அந்த இங்கிலீஷ் படத்துல வந்ததுதானே?’ என்பது இன்னொரு பழக்கம். மூலத்தைக் கண்டுபிடிக்கும் கூர்மை நல்லது. ஆனால் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு கதையில் வகுத்த மூன்று ரோபோ விதிகளைத் தொடாத ரோபோ எழுத்தாளரே குறைவு. யோசனை பொதுவாக இருக்க, அதை எவர் எங்கே கொண்டுபோனார் என்பதில்தான் எழுத்தாளர் தெரிகிறார். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் அறிவு மரபுகளிலிருந்து அறிவியல் புனைகதையை எழுப்பப் பார்த்தது. அதில் எது கூடிவந்தது, எங்கே மரபின் மேல் கொண்ட மயக்கம் அறிவியலை மறைத்தது என்று பிரித்துப் பேசும் வாசகர்கள்தான் வேண்டும். 2019 முதல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திய ‘அரூ’ இதழைச் சுற்றி அப்படிப்பட்ட பேச்சு துளிர்த்தது. அது இன்னும் பெருக வேண்டும்.

என் பெரிய குறைக்கு வருகிறேன். ‘பலித்ததா’ என்ற கணக்கு நாவலை ஜோசியமாக்கிவிடுகிறது. ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தில் இருக்க வேண்டும். ஜீவா என்ற ஒருவரின் படம் எங்கும் இருக்கிறது, எல்லாரும் அவரை வாழ்த்துகிறார்கள். நிலா என்ற சாதாரணப் பெண் அந்த ஆட்சிக்குள் என்னவாகிறாள் என்பதே கதையின் உயிர். இதைப் பேசாமல் ஜீனோ போன்ற ரோபோ சந்தைக்கு வந்துவிட்டதா என்று பேசுவது, சுஜாதாவைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு அவரைச் சிறியவராக்குவது.

1905இல் பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழில். அதில் சூரிய வெப்பத்தால் சமையல் நடக்கிறது, மனிதர் வானில் பறக்கிறார்கள். பலித்த கணக்குப் பார்த்தால் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ரொக்கையா எழுதியது அதற்காக அல்ல. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். அடுப்படியில் இருப்பது யார், அதிகாரம் யார் கையில் என்பதே அதன் கேள்வி. இந்தியாவின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளில் முக்கியமான ஒன்று சென்னையில் அச்சேறியது நம் வாசகர் பேச்சில் வருவதே அரிது.

இந்தக் கேள்விகளைக் கேட்க எங்கள் பகுதி வாசகரைவிடத் தகுதியானவர் யார்? இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. வெல்டிங் லைனில் கூண்டுக்குள் ரோபோ கை சுழல்வதை இங்கே ஐடிஐ முடித்த இருபது வயதுப் பையன் தினமும் பார்க்கிறான். அதன் சைக்கிள் டைமுக்குத் தன் கை ஈடுகொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு உடம்பால் தெரியும். டோக்கன் நம்பரால் அழைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டால், நிலாவின் உலகத்தை எந்தப் பேராசிரியரையும்விட நன்றாக விளக்குவான். ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குப் போகும் பெண்கள், நேரமும் நடமாட்டமும் அளக்கப்படும் வாழ்க்கையைக் கதையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எதிர்காலம் என்று கொண்டாடப்பட்ட ஒன்று எட்டே ஆண்டில் போய்விட்டதை இங்கே ஒரு தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. 1921இல் பிராக் நகரில் மேடையேறிய காரெல் சாபெக்கின் ரோபோ நாடகமும் ஒரு தொழிற்சாலையில்தான் நடக்கிறது, அதன் கரு வேலையும் வேலைக்காரரும்தான்.

வேலைத்தளத்தில் இருந்துகொண்டே எழுதியவரும் உண்டு. சீனாவின் லியூ சிசின் ‘முப்பொருள் சிக்கல்’ நாவலை எழுதிய காலத்தில் ஷான்ஸி மாகாணத்து மின் நிலையம் ஒன்றில் பொறியாளர். அந்த நாவல் 2006இல் செங்டு நகரத்து இதழில் தொடராக வந்து, 2015இல் வாசகர் வாக்கால் தரப்படும் ஹ்யூகோ விருதை வென்றது. அதே செங்டுவில் 2023இல் நடந்த ஹ்யூகோவில், தகுதியுள்ள சில நூல்கள் காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டதும் நடந்தது. வாசகர் வாக்கு என்றாலே அது நேர்மையாகிவிடாது. விருதும் நட்சத்திர மதிப்பெண்ணும் எனக்கு இரண்டாம் பட்சமாகத் தெரிவது அதனால்தான். ஒருவர் ஏன் அப்படி நினைத்தார் என்று எழுதிய ஒரு பக்கம், ஆயிரம் மதிப்பெண்ணைவிட அடுத்த வாசகருக்குப் பயன்படும்.

ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு எழுத நேரம் ஏது என்று கேட்பார்கள். உண்மைதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனிடம் கட்டுரை கேட்பது நியாயமில்லை. ஆனால் அவன் பஸ்ஸில் பேசுகிறான், டீக்கடையில் பேசுகிறான். அந்தப் பேச்சைப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் குறித்துவைக்கலாம். வார விடுமுறையில் கிளை நூலகத்தில் நாலு பேர் ஒரே நாவலைப் படித்துவிட்டு உட்காரலாம். கையெழுத்து இதழ் நடத்திய ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம், அதற்கு மூலதனம் தேவைப்பட்டதில்லை.

ஒரகடத்து நண்பர்களே, ‘என் இனிய இயந்திரா’வை மறுபடி எடுத்துப் படியுங்கள். இந்த முறை பலித்ததை எண்ணாதீர்கள். நிலாவின் நாட்டில் உங்களுக்கு எந்த லைனில் வேலை கிடைத்திருக்கும், யார் உங்களுக்கு மேலே நின்றிருப்பார், நீங்கள் எப்போது ‘மாட்டேன்’ என்று சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். எழுதியதை எழுத்தாளருக்கோ பத்திரிகைக்கோ மட்டும் அனுப்பாமல், பக்கத்து சீட்டில் வரும் வாசகரிடமும் கொடுங்கள்.