டிராலப்பின் தபால் பெட்டி

என் நாவல் ஒன்றைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டார்: "நாலாம் அத்தியாயத்தில் துருப்பிடித்த தபால் பெட்டி ஒன்று வருகிறதே, அது எதற்குச் சின்னம் ஸார்?" எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. அதைச் சின்னமாக நினைத்துத்தான் வைத்திருந்தேன். கதாநாயகி எதிர்பார்க்கும் கடிதம் வராது என்பதை முன்கூட்டியே உணர்த்த வேண்டுமாம்! கதையில் அந்தப் பெட்டியில் ஒருவரும் கடிதம் போடவில்லை. அது சும்மா நின்றது.

அன்று இரவு ஆண்டனி டிராலப்பின் ஞாபகம் வந்தது. தபால் பெட்டியைப் பற்றி எழுத அவரைவிட உரிமையுள்ள நாவலாசிரியர் யார் இருக்கிறார்? 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய சிபாரிசின் பேரில்தான் 1852-இல் ஜெர்ஸித் தீவில் அந்த இலாகாவின் முதல் தெருவோரத் தூண் பெட்டிகள் வந்தன. அப்படிப்பட்டவர் தம் நாவலில் தபால் பெட்டியைக் கொண்டுவந்தால் எவ்வளவு கொண்டாடியிருக்கலாம்!

அவர் செய்ததைப் பாருங்கள். 1869-இல் புத்தகமாக வந்த 'ஹீ நியூ ஹீ வாஸ் ரைட்' நாவலில், எக்ஸிடர் நகரத்து மிஸ் ஸ்டான்பரி என்று ஒரு கிழவி வருகிறாள். கல்யாணமாகாதவள், கையில் பணமுள்ளவள். புதுமை எதுவும் அவளுக்கு ஆகாது. மலிவு விலைப் பத்திரிகையில் எழுதுகிறான் என்பதற்காகச் சொந்த மருமானையே உதறியவள். அவள் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. அதில் போட்ட கடிதம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் கிடையாது. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய தபாலாபீசுக்கே நடக்கிறாள்.

அவ்வளவுதான். பெட்டி வெறும் பெட்டியாகவே இருக்கிறது. ஆனால் அந்த நடையில் ஒரு முழு மனுஷி தெரிகிறாள். அவளுடைய பிடிவாதம், கர்வம், ஒரு காரியத்தைத் தானே செய்து முடிக்கும் ஒழுங்கு எல்லாம் தெரிகின்றன. பின்னால் அவள் மனம் இளகும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதென்றால், அதற்கு இந்த நடையும் ஒரு காரணம். இந்த நாவலைத் தம் தோல்விகளில் ஒன்றாகவே டிராலப் கருதினார். மனைவியைச் சந்தேகிக்கும் புருஷனின் மையக் கதை சில இடங்களில் நீளுகிறது என்பது உண்மைதான். கிழவி மட்டும் அலுக்கவே இல்லை.

அப்படியானால் தபால் பெட்டி சின்னமாகவே முடியாதா? முடியும்; அதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. ஆளும் அரசரின் முத்திரை எழுத்துக்களைப் பெட்டியின்மேல் வார்ப்பது பிரிட்டிஷ் வழக்கம். 1952-இல் பட்டத்துக்கு வந்த எலிஸபெத் ராணிக்கு 'இரண்டாம்' என்ற எண்ணோடு முத்திரை தயாராயிற்று. முதல் எலிஸபெத்தோ இங்கிலாந்துக்குத்தான் ராணி, ஸ்காட்லாந்தை ஆண்டவளல்ல. முதலாமவள் இல்லாத நாட்டில் இரண்டாமவள் எங்கிருந்து வந்தாள் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் எடின்பரோவில் இந்த முத்திரையோடு ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அதன்மேல் தார் பூசினார்கள், சம்மட்டியால் அடித்தார்கள், 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். பிறகு அங்கே வந்த பெட்டிகளில் எழுத்தில்லாமல் ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும் இடம்பெற்றது.

அயர்லாந்துக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1922-இல் சுதந்திர அரசு அமைந்ததும் சிவப்புப் பெட்டிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அடியில் விக்டோரியா ராணியின் எழுத்துக்கள் அப்படியே இருந்தன. பழைய பெட்டிகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

வார்ப்படச் சாலையில் அந்த எழுத்துக்கள் வெறும் அலங்காரம். ஒருவன் சம்மட்டியோடும் இன்னொருவன் வர்ணத்தோடும் வந்தபோதுதான் அவற்றுக்குப் பொருள் ஏறியது. நாவலிலும் அப்படித்தான். ஒரு பாத்திரம் வந்து தொட வேண்டும், வெறுக்க வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போகவாவது வேண்டும். அது நடக்காதவரை ஆசிரியன் எவ்வளவு ஜாடை காட்டினாலும் பெட்டி பேசாது.

மறுபதிப்பில் என் துருப்பிடித்த பெட்டியை எடுத்துவிடவில்லை. கதாநாயகியின் தகப்பனார் தினம் மாலை அந்தப் பக்கம் போகும்போது அதன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார் என்று மட்டும் சேர்த்தேன். அது எதற்குச் சின்னம் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.