ரன்: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

ஆங்கிலச் சொல் ஒன்றை உட்கார்ந்து ரசிக்கலாம் வாருங்கள் என்றால், நம்மவர்கள் உடனே வாயில் நுழையாத சொல்லாகத் தேடிப் போகிறார்கள். 2017-ல் சசி தரூர் ஒரு ட்வீட்டில் 'ஃபராகோ' என்று எழுதியதும் ஆளாளுக்கு அகராதியைப் புரட்டினார்கள். புரட்டியவர்களில் எத்தனை பேர் அதன்பிறகு அந்தச் சொல்லை ஒருமுறையாவது பேச்சில் எடுத்திருப்பார்கள்? 'ரன்' என்ற சொல் தினமும் நம் வாயில் புழங்குகிறது. அதன் பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. கேட்டால், "ஓடுன்னு சின்ன கிளாஸ்லயே படிச்சாச்சே" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் அதிக இடம் பிடித்த சொல் 'செட்'. பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ரயில், இயந்திரம், கம்ப்யூட்டர் என்று புதிதாக வந்ததெல்லாம் 'ரன்' ஆனதில் பட்டியல் இப்படி வீங்கியது. 645 என்ற எண்ணைச் சொல்லி வாயைப் பிளந்துவிட்டு முடிந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். கோயிலுக்குப் போய்த் தூணை எண்ணிவிட்டுத் திரும்புகிற ரகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் தூங்கி வழிந்து படித்தோமே தன்வினை, பிறவினை, அதுதான் இங்கே சாவி. ஓடு, ஓட்டு. உருள், உருட்டு. நட, நடத்து. ஆங்கிலத்திலும் இந்த ஜோடிகள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. மரம் தானாக விழுந்தால் 'ஃபால்', வெட்டிச் சாய்த்தால் 'ஃபெல்'. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு 'இர்னன்', ஓட்டுவதற்கு 'ஏர்னன்' என்று தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. ஆகவே 'ரன்' வருகிற எந்த வாக்கியத்தையும் நிறுத்திக் கேளுங்கள்: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

ஆறு 'ரன்' ஆனால் ஓடுகிறது. ஒரு அம்மாள் பள்ளிக்கூடத்தை 'ரன்' செய்தால் அது ஓட்டுக் கட்சி. நாம் பள்ளிக்கூடத்தை நடத்துகிறோம். "ஏதோ கடையை ஓட்டிட்டிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கில 'ரன்'னில் அந்த அலுப்பு இல்லை. படம் நூறு நாள் ஓடியது என்பதற்கும் நூறு நாள் ஓட்டினார்கள் என்பதற்கும் நடுவே ஒரு தயாரிப்பாளரின் கைக்காசு கிடக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரேன்' என்றே போட வேண்டும், குத்தல் காணாமல் போய்விடும். காய்ச்சலையும் 'ரன்' செய்கிறார்கள். வாக்கிய அமைப்பைப் பார்த்தால் ஓட்டுவது மாதிரி இருக்கிறது, ஓட்டுகிறவரோ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ரசிக்காதவருக்கு மொழி எதற்கு?

'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களை மூடி வையுங்கள். எல்லாமே உருவகம்தான் என்று ஒரே வரியில் கைகழுவும் விமர்சகர்களையும் நம்ப வேண்டாம்.

கிரிக்கெட் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரன்னை 'நாட்ச்' என்றும் சொன்னார்கள். கணக்கு வைக்கிறவர் குச்சியில் கத்தியால் போடும் வெட்டு அது. அந்தப் பெயர் நிலைத்திருந்தால் வம்பில்லை. இப்போது பந்து கயிற்றைத் தொடுகிறது, மட்டைக்காரர் நின்ற இடத்திலேயே கையுறையைச் சரிசெய்கிறார், பலகையில் நாலு 'ரன்' ஏறுகிறது. அடுத்த பந்தில் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர் ஒன்றும் கிடைக்காமல் 'ரன் அவுட்'.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்தல் 'ரன்'தான். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்வார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', நம்மைப் போலவே நிற்கிறார். ஆனால் கட்சி தன் வேட்பாளரைக் களமிறக்கினால் அதுவும் 'ரன்'தான். ஆளும் ஓடுகிறார், கட்சியும் ஓட்டுகிறது, சொல் ஒன்றே. தமிழில் இது பளிச்சென்று பிரிந்துவிடும்: அவர் நிற்கிறார், கட்சி நிறுத்துகிறது. எங்கள் தொகுதியில் கடந்த முறை ஒருவர் நின்றார். அவராக நின்றாரா, யாராவது நிறுத்தினார்களா என்று டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள்.